கட்டிலில் மாட்டிய சோதனை அதிகாரி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா இன்னும் ஈரச் செருப்போடுதான் வீடெல்லாம் நடக்கிறாரா?

நேற்று ஒரு முதியோர் இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குப் போனேன். தரை வழுக்கவில்லை, மருந்து அலமாரி பூட்டியிருந்தது. படுத்திருப்பவர் கைக்கு அழைப்பு மணி எட்டுமா என்று பார்க்க, காலிக் கட்டிலில் நானே ஏறிப் படுத்துப் பக்கத் தடுப்பையும் ஏற்றினேன். அது இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் மணியை அடித்தேன்.

நர்ஸம்மா ஓடி வந்தார். அப்பா புண்ணியத்தில்தான் என் தலை இப்போதே நரைத்துக் கிடக்கிறதே!

"புதுசா வந்த தாத்தாவா? தடுப்பைத் தாண்டிக் குதிக்கலாம்னு பாக்குறீங்களா? விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?" என்று அதட்டிப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. சாப்பிட்டீங்களா?"

எனக்கு நீங்கள் இன்னும் பெண்ணே பார்த்தபாடில்லை, அதற்குள் தாத்தா! பிறகு விஷயம் தெரிந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அந்தக் கை நெற்றியில் இருந்தவரை நான் யாரென்று சொல்லவில்லை அம்மா. "இன்னும் சாப்பிடல" என்று மட்டும் சொன்னேன்.

நம் குளியலறையில் பிடித்து நடக்க ஒரு கம்பி போடச் சொல்லுங்கள். அந்தத் தடுப்பைப் பழுது பார்த்தார்களா என்று பார்க்க அடுத்த மாதம் அங்கே மறுபடி போகிறேன். அதனால் நான் கேட்டிருந்த தலைச்சாயத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்