உன் தம்பி காட்டிய சிவப்பு அட்டை

அன்பு மகளுக்கு,

உன் தாய் எழுதுவது. இங்கே நானும், உன் அப்பாவும், அவரை விட்டுத் தனிக்குடித்தனம் போக முயலும் அவருடைய வலது முழங்காலும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் உடல்நலத்தோடும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அளவுக்கு மனநலத்தோடும் இருப்பீர்கள் என நம்புகிறேன். நீ அனுப்பிய காப்பக விளம்பரத்தின் வண்ணப் புத்தகம் கிடைத்தது. உன் ஊரில் உள்ள அந்தப் பெரிய காப்பகத்தில் தம்பிக்கு ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும், உங்கள் காலத்துக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் இருப்பான் என்றெல்லாம் நீ எழுதியிருந்ததை இருமுறை படித்தேன். "இங்க நீச்சல்குளமே இருக்கும்மா, அங்க என்ன இருக்கு, ஒரு பழைய வீடும் ஆறு பேரும்தானே" என்று நீ தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று என்பதை நீ அறிவாய். ஆகவே நேரில் சென்று ஆய்வு செய்வதென்று தீர்மானித்தேன்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் வருவோம் என்பது தம்பியும் அவனைப் போலவே அன்றாடக் காரியங்களுக்கு ஆள்துணை தேவைப்படும் ஐந்து பேரும் வசிக்கும் இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும். எனவே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, யாரிடமும் மூச்சு விடாமல், தன்னந்தனியாகப் போய் நின்றேன். கதவைத் திறந்த பெண் வேலைக்குப் புதியவள், என்னைப் பார்த்ததில்லை. "இன்டர்வியூவுக்குத்தானேம்மா? உக்காருங்க, உங்களுக்கு நாலாம் நம்பர்" என்று ஒரு சீட்டைக் கையில் திணித்தாள். காலை நேரத்தில் அங்கே வசிப்பவர்கள் உடுக்கவும் உண்ணவும் வெளியே கிளம்பவும் உதவுவதற்கு ஓர் ஆள் தேடுகிறார்களாம். மகளே, நான் பொய் சொல்லவில்லை. உண்மையைச் சற்று நேரம் ஒத்திவைத்தேன், அவ்வளவே. என் முறை வரும்வரை வீட்டைச் சுற்றிவந்தேன். ஆறு குவளைகளில் ஆறு பல்துலக்கிகள், ஒவ்வொரு குவளையிலும் உரியவரின் புகைப்படம். மருந்து அலமாரி பூட்டியிருந்தது, இழுத்தே பார்த்துவிட்டேன். படுக்கை விரிப்பை முகர்ந்தேன், வெயிலில் காய்ந்த வாசனை. ஜன்னல் வலையில் ஒரு கிழிசல், மாடிப்படி விளக்கு எரியவில்லை, இரண்டையும் குறித்துக்கொண்டேன். ஒரு பீரோவின் உச்சியில் விரலை ஓட்டித் தூசியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பொறுப்பாளர் அம்மாள் பின்னால் வந்து நின்று, "அந்த உயரத்துக்கு இதுவரைக்கும் யாரும் எட்டிப் பாத்ததில்லைங்க, நீங்கதான் முதல் ஆளு" என்றார். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "நாலாம் நம்பரை உள்ள கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். கூப்பிடுவது யார் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

உள்ளே சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அந்த வீட்டில் வசிக்கும் ஆறு பேரும் தலைவாரி அமர்ந்திருந்தார்கள். தங்களைத் தொட்டு உதவப்போகிறவரை அங்கே அவர்களேதான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. நடுநாயகமாக உன் தம்பி. அம்மா என்று துள்ளி எழுவான், என் வேடம் கலையும் என்று நினைத்தேன். அவனோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க, உக்காருங்க. பேர் சொல்லுங்க" என்றான். முப்பத்துநான்கு ஆண்டுகளில் முதன்முறையாக என் பெயரை அவனிடம் சொன்னேன். வீட்டுச் செய்திகளை உடனுக்குடன் அறிவிப்பதால் 'ரேடியோ' என்று எல்லோரும் அழைக்கும் பெரியவர், "நீங்க கத்துவீங்களா?" என்று கேட்டார். சினத்தை நான் துறந்து பல்லாண்டுகள் ஆகின்றன என்றேன். தம்பி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். "பொய்யி. இவங்க கத்துனா தெருமுனை வரைக்கும் கேக்கும்" என்று சபைக்கு அறிவித்தான்.

அவன் சட்டையில் ஒரு பட்டன் இடம் மாறி, ஒரு பக்கம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து என் கண் அதிலேயேதான் இருந்தது. அவன் கேள்வி இது: "நான் சட்டை போட ரொம்ப நேரமாகும். நீங்க என்ன பண்ணுவீங்க?" பொறுமையின் மேன்மை குறித்து அழகிய விடையொன்று என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. மேசைக்கு மேலாக எட்டி, கழற்றி, சரியாக மாட்டிவிட்டேன். "ஐயய்யோ, கேக்காமத் தொட்டுட்டாங்க!" என்றார் ரேடியோ. தம்பி எல்லாப் பட்டன்களையும் கழற்றினான், மேலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போடத் தொடங்கினான். பதினோரு நிமிடம், கடிகாரம் எனக்கு நேரெதிரே இருந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பொறுப்பாளர் அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றார், ஓரத்தில் இருந்தவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார், நான் என் கைகள்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் இந்த முறையும் ஒரு பட்டன் மிஞ்சியது. அவன் முகத்திலிருந்த பெருமிதத்தைப் பார்த்தபின் அந்தப் பட்டனை நான் பார்க்கவில்லை. பிறகு அவன் சிவப்பு அட்டையைத் தூக்கினான். அவனைத் தொடர்ந்து மற்ற ஐந்தும் சிவப்பு. கதவோரம் ஒதுங்கி நின்று கவனித்தேன். எனக்கு அடுத்து வந்தவள் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளாம். அதே கேள்விக்கு அவள், "என்ன பண்றது, உக்காந்திருப்பேன்" என்றாள். ஆறு பச்சை. நான் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தேடிக்கொண்ட சொல்வளம் அவளுடைய மூன்று சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை.

எல்லாம் முடிந்து தேநீர் வந்தபோதுதான் அவன் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, மறுபடி என் பிள்ளையானான். மத்தவங்க போடட்டும்டா, பெத்தவளுக்கு நீ ஒரு பச்சை காட்டியிருக்கக் கூடாதா என்று நியாயம் கேட்டேன். நெடுநேரம் யோசித்தான். அவனுக்காக நானே விடை சொல்லி முடிக்காமல் அந்த ஒரு முறை காத்திருந்தேன். "நீ இங்க வேலைக்கு வந்துட்டா, ஞாயித்துக்கிழமை எனக்கு யாரும்மா வருவா?" என்றான்.

வீட்டுக்கு வந்து உன் வண்ணப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அனைவரையும் காலை ஏழு மணிக்குள் எங்கள் பணியாளர்களே குளிப்பாட்டி உடுத்தித் தயார்ப்படுத்திவிடுவார்கள் என்று ஏழாம் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறது. உன் தம்பிக்கு ஏழு மணிக்கு இரண்டாவது பட்டன்தான் ஆகியிருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன் அவர்களுக்கு இல்லை என்று மரியாதையாக எழுதிவிடு. எங்களுக்குப் பிறகு என்ன என்ற உன் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு உன் பெயரை முன்மொழிகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பழகிக்கொள், தேர்வு கடுமையானது.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ இருவரும் வாழ்த்துகிறோம். தம்பியோடு தொலைபேசியில் பேசும்போது அவன் சொல்லை நீ முடித்துவைக்காதே. எவ்வளவு நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
ஆறு சிவப்பு அட்டைகள் பெற்ற
உன் அன்புத் தாய்