கழுத்து உயர்ந்த சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன், குரலும் சுகம்.

சனிக்கிழமை நாடகத்தில் ஒரு சின்னச் சம்பவம். பாடியே நடிக்கும் இந்த ஓபராவின் முடிவில் கணவனாக நடிப்பவன் என் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும். அவன் கை சும்மா பட்டுக்கொண்டிருக்கும். துடிப்பதெல்லாம் என் நடிப்பு. வலித்தால் அவன் கையில் இரண்டு தரம் தட்டுவேன், உடனே விட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று தட்டிக்கொண்டே இருந்தேன், அவன் விடவில்லை. கண் இருட்டியது. அவன் பெருவிரலை எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன். வாயெல்லாம் இரத்தம். அப்போதுதான் விட்டான். உங்கள் பல் எனக்கு வாய்த்தது நல்லதாய்ப் போயிற்று. சனம் எழும்பி நின்று கைதட்டியது. இயக்குநரும் இனி இப்படியே செய்யச் சொல்லிவிட்டார்.

உடுப்பு மாட்டிவிடும் ஜெயமலர் அக்கா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, பொலிசுக்குப் போவம் வா" என்றா.

"ஏலாது அக்கா, ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம்" என்றேன்.

தீபாவளிக்குத் தைக்கும் சட்டைகளுக்குக் கழுத்தை நன்றாக உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இங்கே குளிர்.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். பெருவிரல் காயம் தெரியாமலிருக்க அவனுக்கு இன்று தடித்த தோல் கையுறை கொடுத்திருக்கிறார்கள்.

மகள்,
ஆரணி