எண்பது தொன் இஞ்சினைத் திருப்பியவருக்கு

மிஸ்,

இன்று காலை மீன் வாங்கக் கல்லடிப் பக்கம் போனேன். ஐஸ் தொழிற்சாலையில் எங்கோ குழாய் கசிந்திருக்க வேண்டும். தெருவரைக்கும் அமோனியா நெடி. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். உங்கள் அலுவலகத்தில் படங்களைப் பிரதி எடுக்கும் அறையிலும் இதே நெடிதான். கண்ணில் நீர் வழிய, சூடு ஆறாத தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வருவீர்கள். "அழயில்ல, அமோனியா" என்பீர்கள்.

"ஐயா, தள்ளி நில்லுங்க, மயங்கி விழப்போறீங்க" என்று மீன்காரர் கத்திய பிறகுதான் நான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் மீனைக் கழுவக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் நான்கு மாதமாகிறது.

நாம் முதலில் சந்தித்தது நான் உங்களிடம் ஒரு பழைய குளத்து மதகுக் கதவைத் தூக்கும் பற்சில்லுகளைக் கேட்டு வந்த நாளில். நான் இஞ்சின் கொட்டகையில் போர்மன். நீங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தில் படம் கீறுகிறவர். ரயில் சில மாதம் வருவதும் பல மாதம் நிற்பதுமாக இருந்த யுத்த காலம் அது. மேசையில் குனிந்தபடியே, "ரயில்காரருக்குக் குளத்துக் கதவு என்னத்துக்கு?" என்று கேட்டீர்கள்.

சொன்னேன். மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வந்த இஞ்சின் திரும்பிப் போக வேண்டும். அந்த இஞ்சினில் ஓட்டுநரின் அறை ஒரு தலைப்பில் மட்டும்தான். திருப்பாமல் அனுப்பினால் நீண்ட இயந்திர உடல் முன்னால் போகும்; ஓட்டுபவர் அதன் பின்னால் இருந்துகொண்டு பாதையை எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சுழல்மேசை. வட்டமான குழி, அதன் நடுவில் ஓர் அச்சு, அச்சின் மேல் ஓர் இரும்புப் பாலம். இஞ்சினைப் பாலத்தில் ஏற்றிப் பாலத்தை அரைவட்டம் சுற்ற வேண்டும். முன்பு பத்துப் பேர் தள்ளினார்கள். யுத்தம் வந்த பிறகு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். மிஞ்சிய நாலு பேர் தள்ளும்போதுதான் அவர்களில் ஒருவனான குணத்தின் கால் பாலத்தின் சில்லுக்கும் குழிக்குள் இருக்கும் வட்டத் தண்டவாளத்துக்கும் இடையில் போனது. பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் குழிக்குள் இறங்கவில்லை.

ஓட்டுநர் சோமபாலவும் இயந்திர உடலை முன்னால் விட்டு ஓட்ட மறுத்துவிட்டார். பாதையோரம் வெட்டப்படாமல் பற்றை வளர்ந்து கிடந்தது. ஒரு தடவை அவர் மாட்டைக் கண்டது அதை இடித்த பிறகுதான். "நான் குருடன் மாதிரி போறது. பின்னால முந்நூறு ஆள். ஏலாது போர்மன்" என்றார். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மேசையைச் சரிசெய்ய முடியாவிட்டால் ரயிலை இடையிலேயே நிறுத்திக்கொள்வார்களாம். வீதி மூடப்படும் நாட்களில் கொழும்பு ஆசுபத்திரிக்குப் போக எங்கள் சனத்துக்கு அந்த ஒரு ரயில்தான் இருந்தது.

நான் சொல்லி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தீர்கள். "வாங்க, அந்தக் குழியப் பாப்பம்."

சேலைக் கரையைச் சொருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிய முதல் பெண் நீங்கள்தான். கொட்டகையில் ஒருத்தர் சிரித்தார். நீங்கள் அவரையே கூப்பிட்டு அளவுநாடாவின் மற்றத் தலைப்பைப் பிடிக்க வைத்தீர்கள்.

மின்சாரத்தை நம்ப முடியாது, அதனால் டீசல் மோட்டார்தான் என்று முடிவு செய்தோம். மோட்டாருக்கு எங்கே போவது? குணத்தின் அண்ணன் கொக்கட்டிச்சோலையில் வயல் செய்கிறவர். அவரிடம் சட்டம் முறிந்த ஒரு கை உழவு இயந்திரம் கிடந்தது. "தம்பிட கால் போன மேசைக்குத்தானே? கழட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சோதனைச்சாவடிகளில் கடிதங்கள் காட்டி, வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏற்றி, அந்த மோட்டாரைக் கொண்டுவந்து சேர்க்க மூன்று நாள் ஆனது.

பாலத்தின் ஒரு தலைப்பில் மோட்டாரைப் பூட்டி, உங்கள் குளத்துக் கதவின் பற்சில்லுகளால் வேகத்தைக் குறைத்து, பாலத்தின் சில்லோடு சங்கிலியால் இணைத்தோம். வெறும் பாலம் அழகாகக் கிறுகியது. கைதட்டினோம். சோமபால இஞ்சினை ஏற்றி, நடு அச்சில் பாரம் சரியாக இறங்கும் இடத்தில் நிறுத்தினார். மோட்டாரை முடுக்கினேன். சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது. நெருப்புப் பொறி பறந்தது. பாலம் ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "இஞ்சினக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நிப்பாட்டுவம் மிஸ். பாரம் விழுந்தாச் சில்லு பிடிக்கும்" என்றேன்.

"பிடிக்கும். ஒரு மாசம் பிடிக்கும். அதுக்குப் பிறகு பாலம் வளையும், வட்டத் தண்டவாளம் இறங்கும். இன்னொரு குணம் தேவையா?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்லிவரத்தான் அடுத்த ஞாயிறு கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். வயல் வட்டைக்குள் நெல் மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டி ஒன்றை உழவு இயந்திரம் இழுத்துக்கொண்டு வந்தது. மூட்டைகளையெல்லாம் பெட்டியின் பின்பக்கம் அடுக்கியிருந்தார்கள். பெட்டியின் முன்பக்கம் மேலே கிளம்பி, உழவு இயந்திரத்தையும் சேர்த்துத் தூக்கியது. சில்லு சேற்றில் வெறுமனே சுற்றியது. நீங்கள் வரம்பில் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"போர்மன், பாருங்க. இழுக்கிறவன்ட பாரத்தப் பெட்டி களவெடுக்குது."

"ஓம் மிஸ். மூட்டைய முன்னுக்கு மாத்தினாச் சரி."

"எங்கட பாலத்தில மாத்த ஏலாது. இஞ்சின் நடுவுலதான் நிக்கோணும். அப்ப இழுக்கிறவன் பாலத்தில ஏறி இரிக்கக் கூடாது. தன்ட பாரத்தோட தனியா நிலத்தில நிக்கோணும். பாலத்தோட இணைக்க ஒரு கொண்டி மட்டும் போதும்."

அந்தக் கொண்டி மேலும் கீழும் தாராளமாக அசைய வேண்டும், முன்னும் பின்னும் அசையவே கூடாது என்றீர்கள். தள்ளுகிற விசை மட்டும் பாலத்துக்குப் போகும், பாரம் போகாது. மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எடுக்கவில்லை. குணத்தின் அண்ணன் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். படகில் வாவிக் காற்று தாளைப் பறிக்கப் பார்க்க, நான் நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கீறினீர்கள்.

அந்தத் தாள்தான் சோதனைச்சாவடியில் நம்மை மாட்டிவிட்டது. வட்டக் குழி, நடுவில் அச்சு, சுற்றிவரப் பாகைக் குறிகள். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன? துவக்கு வச்சுச் சுடுற இடமா?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த நாட்களில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்காகக் கூட்டிப்போகப்பட்டவர்கள் உண்டு.

நீங்கள் அவருடைய மேசையிலிருந்த அடிமட்டத்தை எடுத்து, மை போத்தலின் மூடிமேல் குறுக்காக வைத்தீர்கள். அதன் நடுவில் முத்திரைக் கட்டையை நிறுத்தினீர்கள். "இது ரயில் இஞ்சின், சேர். நடுவுல நிண்டா தள்ள ஒரு விரல் காணும். தள்ளிப் பாருங்க."

அவர் உங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சுட்டுவிரலால் தள்ளினார். அடிமட்டம் மெல்லச் சுற்றியது. இன்னொரு தடவை தள்ளினார். மூன்றாவது தடவை பக்கத்திலிருந்த சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டினார். தாளை மடித்து உங்கள் கையில் கொடுத்தபோது, "மிஸ் இஞ்சினியரா?" என்று கேட்டார்.

"இல்ல சேர். படம் கீறுறவ."

வெளியே வந்து நூறு யார் தூரம் நடந்தோம். தாளைப் பைக்குள் வைக்கப் பார்த்து இரண்டு தடவை கீழே விழுத்தினீர்கள். மனம் ஆறியது மிஸ். பயந்தது நான் மட்டுமில்லை.

புதிய வண்டியை மூன்று கிழமையில் செய்தோம். குழிக்குள் வட்டத் தண்டவாளத்தில் ஓடும் ஒற்றைச் சில்லு வண்டி; மோட்டார் இப்போது அதில். அதன் பெட்டிக்குள் வெட்டி எறிந்த தண்டவாளத் துண்டுகளைப் பாரத்துக்காக நிரப்பினோம். மனிதர் நடக்கிற வேகத்தில் பாதிக்குமேல் போகக் கூடாது என்று சொல்லி, பற்சில்லுகளை இரண்டு தடவை மாற்ற வைத்தீர்கள். நான் அலுத்துக்கொண்டேன். "எண்பது தொன்ன ஓடவைக்கிறது லேசு. நிப்பாட்டுறதுதான் வேல" என்று சொல்லி, கையால் இழுக்கும் ஒரு பிரேக்கையும் கீறித் தந்தீர்கள். பாலத் தண்டவாளமும் வெளித் தண்டவாளமும் நேராக வந்ததும் இறங்கும் பூட்டுத்தண்டை நானே அடித்துச் செய்தேன். அது என் வேலை. அதிலும் எனக்குப் பெருமைதான்.

மேலிடத்திலிருந்து பொறியியலாளர் ஒருவர் பார்க்க வந்தார். குணம் ஊன்றுகோலோடு வந்து குழியோரம் நின்றான். சோமபால இஞ்சினை ஏற்றினார். நான் மோட்டாரை முடுக்கினேன். சில்லு தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்தது. இஞ்சினின் நிழல் குழிச் சுவரில் நகரத் தொடங்கியது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. பிரேக்கை இழுத்தேன், பூட்டுத்தண்டு தானாகப் பொந்தில் விழுந்தது.

பொறியியலாளர் என் கையைக் குலுக்கினார். "போர்மன், நல்ல மூளை. அறிக்கையில உங்கட பேரப் போடுறன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன் மிஸ். ஒரு மூச்சு அளவுக்கு நான் பேசாமல் நின்றேன். அந்தப் பெயர் எனக்கு இனித்தது. நீங்கள் கொட்டகைச் சுவரோரம் குடையைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பாராமல் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முகத்தைக் கண்ட பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது?

"சேர், கீறினவ அங்க நிக்கிறா. நான் இரும்பு வெட்டின ஆள்."

அவர் உங்களிடம் வந்து எந்தப் பகுதியென்று கேட்டார். "நீர்ப்பாசனம்" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். ஆனால் பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கொண்டியைப் பற்றியே உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அறிக்கையில் உங்கள் பெயரைப் போட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் கேட்கவும் விடவில்லை.

மாரி மழை தொடங்கிய ஒரு நாளை மட்டும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பகல் ரயில் வந்து நின்ற சற்று நேரத்தில் வாவிக்கு அப்பால் செல் வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. இரண்டு மணிக்கு ஊரடங்கு என்றார்கள். ஆசுபத்திரியிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவந்து பெட்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் நானும் சோமபாலவும்தான். அலுவலகத்துக்குப் போக முடியாமல் வாவிப் பாலத்தடியில் திருப்பி விடப்பட்டு, நீங்கள் எங்கள் பக்கம் வந்திருந்தீர்கள்.

"திருப்ப நேரமில்ல, அப்பிடியே போகட்டும்" என்று நிலையத்திலிருந்து ஆள் வந்து கத்தினார்.

நீங்கள் பிரேக்கின் பிடியில் கையை வைத்தபடி, "நாலு நிமிசம் தாங்க" என்றீர்கள். அவர் பதில் சொல்வதற்குள் நான் முடுக்கிவிட்டேன். நான் மோட்டாரில், நீங்கள் பிரேக்கில், சோமபால மேலே. மழைத் தண்ணீர் வட்டத் தண்டவாளத்தில் ஓடியது. அன்றுதான் முதல்முறையாக நனைந்த தண்டவாளத்தில் ஓட்டினோம். சில்லு ஒரு தடவை வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. பூட்டுத்தண்டு விழுந்த சத்தத்தோடு சோமபால சங்கு ஊதினார்.

நான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். இறங்கியதும் என்னிடம் வரவில்லை, நேரே உங்கள் அலுவலகத்துக்குத்தான் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"மிஸ், காட்டுக்குள்ள பாதையில பெரிய மரம் ஒண்டு விழுந்த. நான் தூரத்துலயே பாத்தது. கண்ணால பாத்தது. நிப்பாட்டிட்டன்." இரண்டு கைகளாலும் தன் கண்களைத் தொட்டுக் காட்டினார். "இஞ்சின் மற்றப் பக்கம் இருந்தா, எல்லாம் சரி."

எல்லாம் முடிந்திருக்கும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, "நோயாளிகள் போய்ச் சேந்தாங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"ஓம் மிஸ். ஒரு பிள்ளையும் பிறந்த. மூணாவது பெட்டியில."

நான்கு மாதத்துக்கு முன் உங்கள் அடக்க ஆராதனைக்கு வந்தேன். தேவாலயம் நிறைந்திருந்தது. நல்ல மனைவி, நல்ல தாய், பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவர் என்று போதகர் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டார். நான் சைவக்காரன், அங்கே எப்போது எழலாம், எப்போது எழக் கூடாது என்று எனக்குத் தெரியாது. எழுந்துவிட்டேன். "ஐயா, நான் ரெண்டு வசனம் சொல்லலாமா?" என்று கேட்டேன். போதகர் தலையசைத்தார்.

இரண்டு வசனமென்று தொடங்கியது நீண்டுபோனது. மேசை, கொண்டி, மழை, மரம், மூன்றாவது பெட்டியில் பிறந்த பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உடையவில்லை. அழுகையே வரவில்லை மிஸ். அவ்வளவு சனத்துக்கு முன்னால் உங்களைப் பற்றிச் சொல்லக் கிடைத்த சந்தோசம்தான் இருந்தது.

வெளியே வந்தபோது கனடாவிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கட அம்மாவா, அங்கிள்?"

"ஓம் மகன். உங்கட அம்மாதான்."

"ஒருநாளும் சொல்லயில்லயே."

"அவ சொல்லமாட்டா. அதுக்குத்தான் நாங்க இரிக்கிறம்."

கொட்டகையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெறும்போது ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதில் போர்மன் என்று இருக்கிறது. ரயில்வேயில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், நான் அதைச் சொல்வதில்லை. உங்கள் பெயரை முழுதாகச் சொல்லி, அவரோடு வேலை செய்தவன் என்கிறேன்.