உள்ளங்கைச் சூட்டில் மூடும் கொக்கி

மார்ச் 4, செவ்வாய்

செய்தி வந்தது காலை 10:42. நான் பார்த்தது மதியம் 1:05.

எங்கள் பட்டறையில் உலோகத் தூள் இருக்கிற பவுடர் அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போவோம். திறந்து பார்த்தால் ஏழு அழைப்புகள், ஏழும் என் மனைவியின் அம்மா. டெங்கு. நேற்றுக்கூட ரத்த அணுக்கள் ஏறுகின்றன என்றார்களே.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளேதான் துரத்திவிட்டாள். "இங்க ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு என்ன செய்யப் போற? போய் மெஷினப் பாரு. அதுக்குத்தான் ஆள் இல்ல."

போனேன்.

கைக் சுவான். வயது இருபத்தொன்பது.

மார்ச் 8

எரித்தாயிற்று. அவள் அம்மா வாசலோடு நின்றுவிட்டார். எங்கள் சீன வழக்கத்தில் பிள்ளையின் பின்னால் பெற்றவர்கள் போகக் கூடாது. சட்டைக் கையில் எனக்குக் கறுப்புத் துணித்துண்டு குத்திவிட்டார்கள். நாற்பத்தொன்பது நாள் துக்கம்.

மார்ச் 17

வேலைக்குப் போனேன். பவுடர் அறை வாசல்வரை போனேன். லாக்கரில் கைபேசியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். யார் கூப்பிடப் போகிறார்கள்? தெரியும். இருந்தாலும் கை விடவில்லை.

ரோஸ்னானி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பவுடர் அள்ளுவது, சலிப்பது எல்லாம் அவர்தான். "செங், நீ வெளிய கம்ப்யூட்டர்ல இரு. உள்ள நான் பாத்துக்கறேன். நோன்பு வயிறு, பேச்சுத்தான் குறையும், வேலை குறையாது" என்றார். பேச்சும் குறையவில்லை.

மார்ச் 19

மெஷினிலிருந்து பதினாறு கொக்கி வந்தது. உடைந்த கால் எலும்பைப் பிடித்துச் சேர்க்கிற கொக்கி, ஸ்டேப்ளர் பின் மாதிரி. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த தூளை லேசரால் உருக்கி, மயிரிழைத் தடிமனில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைப்போம். குளிரில் கொக்கியின் இரண்டு காலையும் விரித்து வைத்தால் அப்படியே இருக்கும். உடம்புச் சூடு பட்டதும் பழைய வடிவம் நினைவுக்கு வந்து தானாக மூடும். எந்தச் சூட்டில் மூட வேண்டும் என்பதுதான் வேலையே. கைக் சுவான் ஐந்து வருடம் அதற்குத்தான் கொடுத்தாள்.

இன்று வந்தவை கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. எங்கள் முதலாளி, தவுக்கே சியா, ஒன்றை எடுத்து நகைக்கடை முத்து மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ அழகா இதுவரைக்கும் வந்ததில்ல."

மார்ச் 24

மூடவில்லை. தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே போனோம். 37. 40. 45. கடைசியில் 52-இல் மூடியது. 52 டிகிரியில் உயிரோடு இருக்கிற நோயாளி யார்?

தவுக்கே கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "செத்தவளச் சொல்லக் கூடாது. ஆனா அவ கணக்கு தப்போ என்னவோ. வாடிக்கைக்காரன் இன்னும் ஒரு தடவதான் பொறுப்பான். அப்புறம் கம்பிய வளச்சுச் செஞ்சதையே வேற இடத்துல வாங்கிக்கறேன்னு போயிடுவான். இந்த மெஷின மூடிட வேண்டியதுதான்."

அவ கணக்கு தப்பா? அவளா? வீட்டுக்கு வந்து அவள் நோட்டைத் தேடினேன்.

மார்ச் 26

அவளுடைய நோட்டு. ஏழாவது பக்கம். லேசர் வேகம் 1200. அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள்: "மெதுவா ஓட்டினா பளபளன்னு வரும். நம்பாத. சூட்டுல நிக்கல் ஆவியாப் போயிருக்கும். நிக்கல் போனா கொக்கி மூட இன்னும் சூடு கேக்கும். என் கொக்கி அவலட்சணமா இருந்தாத்தான் சரி."

மெஷின் பதிவைத் திறந்தேன். வேகம் 850. மாற்றியது யார்?

மார்ச் 18, மாலை 4:20. என் பெயர்.

போட்ட நினைவே இல்ல. சோதனைத் துண்டுல சின்னச் சின்ன ஓட்டை இருந்துச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு. ஓட்டையப் பாத்தா வேகத்தக் குறைக்கறது எல்லாரும் செய்யறதுதான். மத்த உலோகத்துக்கு. இதுக்கு இல்ல. எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு கேட்டிருக்கேனே.

மார்ச் 27

தவுக்கேயிடம் பதிவைக் காட்டினேன். "தப்பு என்னோடது. அவ கணக்கு சரி."

"நீயே மாத்தி நீயே மறந்துட்டியா?"

"ஆமா."

கண்ணாடியை மாட்டிப் பதிவை இன்னொரு தடவை பார்த்தார். "சரி. அவ கணக்குல ஒரு தடவ ஓட்டு. அந்த ஓட்டை?"

"அவ எழுதிவச்ச அளவுக்குள்ளதான் இருந்துச்சு. நான்தான் பயந்துட்டேன்."

ஏப்ரல் 2

பெருநாள் முடிந்து ரோஸ்னானி அக்கா ரெண்டாங் இறைச்சிக் குழம்பும் கெதுபாட் அரிசிக் கட்டியும் கொண்டுவந்தார். "நீ துக்கத்துல இருக்க, என் வீட்டுக்கு வர மாட்ட. அதான் வீட்டையே டப்பாவுல அடச்சுக் கொண்டாந்துட்டேன்."

நான்கு வாரத்தில் முதல் தடவையாகக் காரம் தெரிந்தது.

1200-இல் ஓடுகிறது. நான் இன்னும் பவுடர் அறைக் கண்ணாடிக்கு வெளியேதான். கைபேசி கையில்.

ஏப்ரல் 8

புதுக் கொக்கிகள் மங்கல். சொரசொர. தவுக்கே முகத்தைச் சுளித்தார். எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஐஸ் தண்ணீரில் கொக்கியை விரித்தோம். வெந்நீர்த் தொட்டியை அக்கா தயார் செய்வதற்குள் நான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். கைக் சுவான் எப்போதும் அப்படித்தான் முதலில் பார்ப்பாள். கருவி அப்புறம்.

கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு இரண்டு காலும் மெல்ல உள்ளே வந்தன. தோலை லேசாகக் கிள்ளியது.

அதை மறுபடி ஐஸில் விரித்து, மற்றவற்றோடு தொட்டியில் போட்டதும் பதினாறும் மூடின. 34 டிகிரி. பதினாறும்.

"அடியே கைக் சுவான்" என்றார் அக்கா, அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்து. "புருஷன நல்லாத்தான் கிள்ளி எழுப்பற."

சிரிச்சேன். நான்தான் சிரிச்சேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நாற்பத்தொன்பதாம் நாள். காலையில் துணித்துண்டை எரித்தோம். சட்டைக் கையில் ஊசி குத்திய இரண்டு துளை.

வாடிக்கைக்காரர் ஒப்புதல் வந்துவிட்டது. முதலில் நானூறு கொக்கி. செய்முறைத் தாளில் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் யீப் கைக் சுவான் என்று எழுதினேன். தவுக்கே தயங்கினார். "இல்லாதவங்க பேர தாள்ல போடலாமா?"

"கொக்கி யார் சொன்னபடி மூடுது தவுக்கே?"

பேனாவை வாங்கி, அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். இனி ஒவ்வொரு பெட்டியோடும் அந்தத் தாள் போகும். யாரோ ஒருவர் நடக்கும்போது காலுக்குள் அவள் கணக்கு இருக்கும்.

ரோஸ்னானி அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இன்னைக்கு என்னால குனிய முடியாது. நீயே உள்ள போய் தூள் அள்ளிப் போடு." காலையில் இருபது கிலோ டப்பாவைத் தனியாகத் தூக்கியவர்.

லாக்கர் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழு உடுப்பும் போட்டாயிற்று. கைபேசியின் ஒலியை மட்டும் குறைத்து லாக்கரில் வைக்கலாமா என்று பார்த்தேன்.

வேண்டாம். கைபேசியை அணைத்துவிட்டேன்.