மூச்சு விட மறந்த மூன்று வரிகள்

என் அருமை வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் இருமல்கூட வீட்டை விட்டுப் போய்விட்டது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றுதான் நம்பவில்லை.

நம் வாத்தியக் குழுவின் கச்சேரிக்கு நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையைக் கேள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஃபியூக், ஒரே மெட்டை நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாடுமே, அதைப் பியானோவிலிருந்து பிரித்து நம் காற்று வாத்தியங்களுக்கு எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாளும் ரப்பர் தூளும்தான், அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். மேல் குரல் பல் டாக்டரம்மாவின் புல்லாங்குழலுக்கு, நடுவில் இரண்டும் பேக்கரிக்காரரின் கிளாரினெட்டுக்கும் பஸ் டிரைவரின் பிரெஞ்ச் ஹார்னுக்கும், அடிக்குரல் அப்பாவின் பஸூனுக்கு. முதல் ஒத்திகையில் இரண்டாம் பக்கம் வந்ததும் அப்பாவின் முகம் தக்காளியாகச் சிவந்தது, வாசிப்பு நின்றுவிட்டது. பஸூனைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். வீட்டுக்கு வந்து, நிமோனியாவுக்கு அப்புறம் நுரையீரல் பழைய மாதிரி இல்ல, என் நாற்காலிக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு என்றார். முப்பது வருடமாக அவர் உட்காரும் நாற்காலி. நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். சொல்லக் கூச்சமா இருந்துச்சு, எனக்கும் நாக்குத் தள்ளுது, மூச்சு எங்க எடுக்கிறதுன்னே தெரியல என்றார். ஓடிப்போய்த் தாளைப் பார்த்தேன். அப்பாவின் பகுதியில் மூன்று வரிக்கு ஓரிடத்தில்கூட இடைவெளி இல்லை! ஒவ்வொரு குரலையும் பியானோவில்தானே வாசித்துச் சரிபார்த்தேன், விரலுக்கு எங்கே மூச்சு வாங்குகிறது? தப்பு முழுக்க என்னுடையது, அந்த மனிதர் தன் நுரையீரலைத் திட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு, ஒரு வாரமா என்னை நோயாளி ஆக்கிட்டியேடி என்று கோபப்பட்டார். அன்று மாலையே பஸூன் பெட்டியைத் திறந்துவிட்டார்.

மற்றவர்களுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுரத்தைக் குறைத்து மூச்சுக்கு இடம் விட்டுவிட்டேன். ஆனால் அடிக்குரல் அந்த இடத்தில் நின்றால் மேலே இருக்கும் மூன்றும் அந்தரத்தில் தொங்கும். அவர் மூச்சு எடுக்கும்வரை யாராவது அதைக் கொஞ்ச நேரம் வாங்கி வாசித்துத் திருப்பித் தர வேண்டும். இசைக்கருவிக் கடைக்காரரைக் கேட்கலாமா என்றேன். கண்டவங்க கையில என் பாட்டைக் கொடுக்க மாட்டேன், வாலு வந்தா கொடுக்கிறேன் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். உன்னுடைய பேஸ் கிளாரினெட்டை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, தக்கையும் மாற்றி வைத்திருக்கிறார். கச்சேரி இருபத்தாறாம் தேதி, நீ லீவில் வருவதாகச் சொன்னது இருபத்தெட்டு. மூன்று நாள் முன்னால் வர முடியுமா என்று உன் மேலதிகாரியைக் கேட்டுப் பாரேன். நான் வற்புறுத்தவில்லை என்று எழுத நினைத்தேன், மனசு வரவில்லை. வற்புறுத்துகிறேன்.

நீ நூறாண்டு நன்றாக இரு, கண்ணே. நேரத்துக்குத் தூங்கு. உன் பகுதியை இத்துடன் வைத்திருக்கிறேன், ஒன்றரை வரிதான். அவர் முடிக்கும் சுரமும் நீ தொடங்கும் சுரமும் ஒன்றே. உன் சுரம் காதில் விழும்வரை தன் சுரத்தை விடமாட்டாராம். அதனால் தாமதமாக நுழைந்துவிடாதே.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா