என் அறையில் உன் ஏழு பாஸ் கிட்டார்கள்

இன்று காலை உன் வெள்ளை கிட்டாரின் பெட்டியைத் திறந்தேன். மூன்று நாளாக விழுப்புரத்தில் விடாத மழை. உள்ளே பூசணம் பூத்திருக்குமோ என்ற பயத்தில்தான் திறந்தேன். பூசணம் இல்லை. ஆனால் மூடியைத் தூக்கியதும் மோட்டார் வார்னிஷ் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. உன் சட்டையில், நீ குடித்து வைத்த டீ கிளாஸில், உன் வண்டிச் சாவியில்கூட ஒட்டிக்கொண்டிருந்த அதே நெடி. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. பெட்டியை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு, ஊரார் மனுவையெல்லாம் எழுதிக் கொடுக்கிறவன் நான். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வரப்புத் தகராறு என்று எதற்கும் என் கை தயங்கியதில்லை. உனக்கு எழுத மட்டும் இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மனுவில் முதலில் ‘பொருள்’ என்று ஒரு வரி போடுவோம். இந்தக் கடிதத்துக்குப் பொருள், கண்டாச்சிபுரத்து மண்டபத்தில் நான் உன்னைத் திரும்பிப் பார்க்காமல் விட்ட பத்து நிமிடம்.

திண்டிவனத்தில் மரக்காணம் போகிற ரோட்டில் இருந்தது உன் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. ஒரு பக்கம் எரிந்துபோன போர் மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். எதிர்ச் சுவரில் ஆணி அடித்து ஏழு பாஸ் கிட்டார்களையும் மாட்டி வைத்திருந்தாய். மோட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு அவற்றைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரு பெரியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்பா, மல்லாட்டைப் பயிரு காஞ்சிக்கினு கீது, நாலு நாளா என் மோட்டாரு இங்க கெடக்குது. நீ வீணைய தொடச்சிக்கினு கீற?” நீ கொஞ்சமும் அசரவில்லை. “இதுக்கும் காயில்தான் பெரியவரே போயிருக்குது. உங்களுக்கு முன்னால வந்த பேஷண்டு” என்றாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நீ சொன்னது பொய்யும் இல்லை. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கிறது. காந்தத்தைச் சுற்றிய காயில். அதுதான் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப் என்கிற ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும். அது செத்துப்போன கிட்டாராகப் பார்த்துத்தான் நீ வாங்குவாய். “சத்தம் வர்றத எவன் வேணா வாங்குவான்டா. செத்தத வாங்கிப் பேச வெக்கணும்” என்பாய். முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, மோட்டாருக்குப் போடுகிற அதே வார்னிஷில் முக்கி, மொட்டை மாடி வெயிலில் காயவைப்பாய். மற்றவர்கள் பிக்கப்பை மெழுகில் முக்குவார்கள் என்று யாரோ சொன்னபோது, “மெழுகுவத்தி ஏத்தறது மாதா கோயிலோட போதும்” என்று முடித்துவிட்டாய்.

முதல் கிட்டார் ஒரு சர்ச்சின் சாமான் அறையில், பாதி கரையான் தின்ற நிலையில் கிடைத்தது. இந்த வெள்ளை, ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் புதுச்சேரியில் வாங்கியது. ஒருமுறை இடது கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். நீயோ வலது கைக்காரன். உன் மனைவி மேரி அன்றைக்குக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “சோத்துக் கையால வாசிக்க ஆறு பத்தாதுன்னு பீச்சாங்கைக்கு ஒண்ணு வேணுமா?” என்னைப் பார்த்து, “நீயாவது சொல்லேண்ணா” என்றாள். நான் எதைச் சொன்னேன்? நானும் சேர்ந்து சிரித்தேன்.

பத்தொன்பது வருடம் ஒரே மெல்லிசைக் குழுவில் வாசித்தோம், நான் டிரம்ஸ், நீ பாஸ். எனக்கு ஒரு வியாதி உண்டு. பாட்டு சூடு பிடித்தால் கை ஓட ஆரம்பித்துவிடும். ‘எக்ஸ்பிரஸ்’ என்று நீ எனக்குப் பெயர் வைத்தாய். நான் ஓடும்போதெல்லாம் நீ கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிடுவாய். தாளத்தில் நாலு சுற்று பாஸ் இருக்காது. உன் ஆம்ப் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பாஸின் கனத்த அதிர்வு முதுகில் பட்டால்தான் எனக்குத் தாளம் நிற்கும். பாஸ் நின்றதும் முதுகு சில்லிட்டுப் போகும். நான் வேகத்தைக் குறைப்பேன், ஐந்தாவது சுற்றில் நீ உள்ளே வருவாய். கேட்கிறவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. இதற்கு ஒரு விதியும் வைத்திருந்தோம். நீ நிறுத்தும்போது நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தோற்றவன் நான். பத்தொன்பது வருடத்தில் நான் திரும்பியது மூன்றோ நாலோ தடவைதான். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அன்றைக்குக் கண்டாச்சிபுரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. வேனில் போகும்போது, குழுவை நடத்துகிற தேவராஜ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்: “அடுத்த மாசத்துல இருந்து இன்னொரு லேடீஸ் வாய்ஸ் வருது. வேன்ல எடம் பத்தல. பாஸ கீபோர்டுலயே போட்டுக்கலாம்னு பாக்கறேன். தப்பா நெனைக்காதப்பா.” நீ அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். “இன்னாடா எக்ஸ்பிரஸ், நீ இன்னா சொல்ற?”

அவர் என்னிடம் இரண்டு நாள் முன்பே கேட்டிருந்தார். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன். அதை மறைக்கத்தான் அப்படி வாயை விட்டேன். “பந்தில உக்காந்து சாப்பிடறவனுக்கு பாஸ் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா மச்சான்? எவனுக்குத் தெரியப்போவுது?”

உன் முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கொஞ்ச தூரம் போனதும் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, “தோள் புடிச்சிக்கினு வலிக்குதுடா” என்றாய். பாஸ் வாசிக்கிற எவனுக்கும் இடது தோள் வலிக்கும். பட்டை அந்தத் தோளில்தான் கிடக்கும். “அம்மாம் பெரிய கட்டைய மாட்டிக்கினு திரிஞ்சா வலிக்காம இன்னா பண்ணும்” என்றேன். உன் வலியைப் பற்றி நான் சொன்ன கடைசி வார்த்தை இதுதான்.

பந்தி தொடங்கியதும் பாட்டுகளை இடைவெளி இல்லாமல் கோத்து வாசிப்பது நம் குழுவின் வழக்கம். ஒரு பாட்டு முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரியக் கூடாது. அன்றைக்கு ஐந்து பாட்டு. நீ தோள் வலிக்கிறது என்று ஆம்பின் மேலேயே உட்கார்ந்து வாசித்தாய், மடியில் இந்த வெள்ளை கிட்டார். இரண்டாவது பாட்டு பாதியில் என் முதுகு சில்லிட்டது. பாஸ் நின்றுவிட்டது.

ஓடிவிட்டேன் போல என்று வேகத்தைக் குறைத்தேன். நாலு சுற்று எண்ணினேன். ஐந்தாவது சுற்றில் நீ வரவில்லை. எட்டு எண்ணினேன். வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வேனில் நான் சொன்னதற்குப் பதில் சொல்கிறாய். பாஸ் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறாய். ஒயர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்ட கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பாஸைப் போட ஆரம்பித்தார். கூடத்தில் சாம்பார் வாளி போய்க்கொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்களில் ஒருவரும் தலை தூக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னதுதானே நடக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. சிரித்தேன். வேண்டுமென்றே இன்னும் வேகமாக ஓட்டினேன். நிறுத்தியவன் நிறுத்திக்கொண்டே இருக்கட்டும் என்று வீம்பு. ஐந்தாவது பாட்டு முடிந்து கடைசி அடி போட்ட பிறகுதான் திரும்பினேன்.

நீ சுவரில் சாய்ந்திருந்தாய். இடது கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடியே இருந்தது. “போதும்டா, எந்திரி” என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

வேனிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது கதவருகே நான் மட்டும்தான் நின்றேன். “ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேரி திண்டிவனத்திலிருந்து அலறிக்கொண்டு வந்து சேர்ந்தாள். “ஒத்தையா கெடக்கலல்லண்ணா?” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இல்லம்மா. பாட்டு முடியறதும் அவன் சாயறதும் ஒண்ணா இருந்திச்சி. அடுத்த நிமிஷமே தூக்கிட்டோம். நான் பக்கத்துலயே இருந்தேன்” என்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் மேரி கடையைக் காலி செய்துவிட்டு முகையூரில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒரு மினி வேனில் ஏழு கிட்டாரும் என் வீட்டு வாசலில் வந்து இறங்கின. “இன்னாங்க இது, வரிசையா பொணப்பொட்டி மாதிரி” என்று என் மனைவி முகம் சுளித்தாள். மேரி போனில், “அத்தினியும் உன் வூட்லயே இருக்கட்டும்ணா. எதையும் விக்காத” என்றாள். என்னை இவ்வளவு நம்புகிறாளே என்று அன்று ரொம்ப நேரம் அழுதேன். அதன் பிறகு நான் டிரம்ஸ் குச்சியைத் தொடவில்லை. கிட்டார்களைத்தான் துடைக்கிறேன், மரத்துக்கு எண்ணெய் தடவுகிறேன். போன வருடம் கடலூரிலிருந்து ஒருவர் அந்த இடது கைக் கிட்டாரைக் கேட்டு வந்தார். நிஜமாகவே இடது கைக்காரர். மேரியின் பேச்சை மீற முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் அவருக்குச் சும்மாவே கொடுத்திருப்பாய்.

இன்று அந்த நெடி அடித்ததும் இனி முடியாது என்று ஆகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு முகையூர் பஸ் ஏறினேன். மேரி வீட்டுக்குள் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். “வாண்ணா. ஏன் மழையில நனைஞ்சிக்கினு வந்த?” என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான் தலையைக்கூடத் துவட்டாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வேனில் சொன்னது, முன்பே தலையாட்டியது, நீ நிறுத்தியது, நான் சிரித்தது, டாக்டர் சொன்னது. நான் பேசி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. கடலைத் தோடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

“தெரியும்ணா” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“அந்த விசேஷ வூட்ல வீடியோ எடுத்தாங்க. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தப்ப அந்தப் பொண்ணோட அம்மா என் செல்லுல ஏத்திக் குடுத்திச்சி. கடைசியா வாசிச்சதும்மா, வெச்சிக்கோன்னு. அதுக்குப் பாவம் ஒண்ணும் தெரியாது. பந்திய எடுத்தது, மேடையும் பின்னால வுழுந்திருக்குது. எத்தினி வாட்டி பாத்தேன்னு எனக்கே தெரில. நீ முன்னால கீற, பின்னால அவரு. மொதல்ல சோத்துக் கை நின்னு போவுது. அப்பறம் அந்தக் கைய உன்னாண்ட நீட்டறாரு. நீ சிரிச்சிக்கினே அடிக்கற.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டா நீ அழுவ. அழுதா உனுக்கு ஆறிப்பூடும்.” குரல் ஏறவே இல்லை. “அதான் அத்தினியும் உன் வூட்டுக்கு அனுப்பினேன். தெனம் காலைல எந்திரிச்சா உன் கண்ணுல படட்டும்னு. விக்காதன்னு சொன்னதும் அதுக்குத்தான்.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து செல்லை எடுத்து என் முன்னால் நீட்டினாள். “பாக்கறியாண்ணா?”

“வேணாம்மா” என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. மழை விட்டதும் போகலாம் என்றாள். நான் மழையிலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. உன் ஆம்புக்கும் என் ஸ்டூலுக்கும் நடுவே இரண்டடிகூட இருக்காது. நீ கையை நீட்டியிருக்கிறாய். அது என் முதுகு வரைக்கும் வந்ததா? என் சட்டையைத் தொட்டாயா? தொட்டும் நான் திரும்பாமல் இருந்தேனா? அந்த செல்லை வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பயந்துகொண்டு வாங்காமல் வந்துவிட்டேன், மச்சான்.