வலது தோள் கட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலமாகத்தான் இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த ஆண்டின் சிறந்த கல்லூரி மல்யுத்த வீராங்கனை விருது யாருக்கு என்பது இன்றைய கடைசிப் போட்டியில் முடிவாகிறது. பயப்படாதே, எதிரே நிற்கப்போவது என் அறைத்தோழிதான். போன மாதமே அவளுக்கு வலது தோள் எலும்பு விலகிவிட்டது. டாக்டருக்குத் தெரிந்தால் களத்தில் இறங்கவே விடமாட்டார். அதனால் தினமும் காலையில் ரகசியமாகக் கட்டுப் போட்டுவிடுவது நான்தான்.

"நீ பாவம் பார்த்து அந்தப் பக்கம் பிடிக்காம விட்டேன்னு வை, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றாள். "சரிதான் போடி" என்று சிரித்து வைத்தேன்.

ஆனால் இன்று கட்டும்போது, வேண்டுமென்றே தளர்த்திக் கட்டுகிறேனோ என்று என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். மூன்று முறையும் அவள் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உன் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து அனுப்பு. கடைத்துணி அவளுக்கு உறுத்துகிறது. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை, பாதியை நான் வைத்துக்கொள்வேன்.

எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள், அம்மா. என்னை எழுப்பிவிட அவள் கை நீட்டுகிறாள். வலது கையையே நீட்டுகிறாள்.

உன் சின்னவள்